எதிர்வீட்டில் கேட்டுப் பாருங்கள்

போன இதழில் ஒரு பதிலின் வாலாக, 'வெளிநாடுகளோடு போடும் வர்த்தக ஒப்பந்தங்களின் காகிதங்களை நாமும் கேட்டு வாங்கிப் படிக்கலாம்' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி 'எப்படி?' என்று கேட்கின்றன, மீதி 'உமக்கு வேறு வேலை இல்லையா?' என்று கேட்கின்றன. இரண்டு தரப்புக்கும் சேர்த்து இந்த முறை மொத்த இடமும் இதற்கே. சினிமா கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: மலேசியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு போட்ட ஒப்பந்தத்தில் பாமாயிலுக்கு வரி குறைத்தபோது தென்னை விவசாயிகளைப் பற்றி யாராவது யோசித்தார்களா என்று தெரிந்துகொள்ள, மத்திய அரசின் ஓர் அலுவலகத்துக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டேன். 'ஆசியான் ஒப்பந்தம் தொடர்பான அனைத்து ஆவணங்களும் வேண்டும்' என்று கேட்டிருந்தேன். '8(1)(ஏ) பிரிவின்படி தர இயலாது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவ்வளவுதானா?
– தென்னை விவசாயி, பொள்ளாச்சி

அவ்வளவுதான் இல்லை, ஐயா. ஆனால் பாதிக் குற்றம் உங்கள் மனுவில்தான் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'அனைத்து ஆவணங்களும்' என்று கேட்பது, மளிகைக் கடைக்குப் போய் 'இருக்கிறதையெல்லாம் கட்டிக்கொடு' என்று நிற்கிற மாதிரி. ஒரு கோப்பைக்கூடத் திறக்காமல் ஒரே வரியில் முடித்துவிட அந்த இரண்டு வார்த்தை அதிகாரிக்கு வசதி செய்து கொடுத்துவிட்டது.

அந்த 8(1)(ஏ) என்ன சொல்கிறது என்றால், வெளியிட்டால் நாட்டின் பாதுகாப்புக்கோ, பொருளாதார நலனுக்கோ, வெளிநாட்டு உறவுக்கோ பாதகம் வரும் என்கிற தகவலைத் தரவேண்டியதில்லை. கவனியுங்கள், 'பொருளாதாரம் சம்பந்தப்பட்ட தகவல்' என்று அதில் இல்லை, 'பாதகம்' என்றுதான் இருக்கிறது. என்ன பாதகம் என்று அவர் சொல்லியாக வேண்டும். மறுத்தால் காரணம் எழுத வேண்டும் என்பது 7(8). மேல்முறையீட்டுக்குப் போனால், மறுத்தது நியாயம்தான் என்று நிரூபிக்கும் சுமை அதிகாரியின் தலையில், உங்கள் தலையில் இல்லை என்பது 19(5). ஒரு காகிதத்தில் பத்து வரி ரகசியமென்றால் அந்தப் பத்து வரியை மறைத்துவிட்டு மீதியைக் கொடு என்பது 10-ஆம் பிரிவு. போதாததற்கு, பாதகத்தைவிடப் பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்கலாம் என்று 8(2) வேறு. 'பொருளாதார நலன்' என்று சொல்லிவிட்டாலே கதவு மூடிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். வங்கிகளின் ஆய்வறிக்கைகளைத் தர மாட்டேன் என்று ரிசர்வ் வங்கி இதே பிரிவையும் சேர்த்துக் காட்டி வாதாடியபோது, 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

பதில் கையில் கிடைத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு போடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. அங்கும் கைவிரித்தால் 90 நாளுக்குள் டெல்லியில் மத்தியத் தகவல் ஆணையம். அது மெதுவாக நடக்கட்டும். கூடவே புதிதாக ஒரு மனு, சின்னதாக, தேதி போட்டு எழுதுங்கள்: 2007 முதல் 2009 ஆகஸ்ட் வரை பாமாயில் வரி பற்றி எந்தெந்த அமைப்புகளிடம் கருத்துக் கேட்கப்பட்டது, எந்தத் தேதியில்; தமிழ்நாடு அரசிடமிருந்து கடிதம் வந்ததா, வந்திருந்தால் நகல்; தேங்காய் எண்ணெய் விலை என்ன ஆகும் என்று ஆய்வு எதுவும் செய்யப்பட்டதா, செய்தது யார், நகல். 'ஏன்' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சட்டம் காகிதத்தைத்தான் கொடுக்கும், விளக்கம் கொடுக்காது. இந்த மூன்றில் எதைக் கொடுத்தால் மலேசியாவோடு உறவு கெடும் என்று எழுத, எவ்வளவு கெட்டிக்கார அதிகாரியாக இருந்தாலும் கொஞ்சம் தடுமாறத்தான் செய்வார்.

அப்புறம் ஒன்று. கோபித்துக்கொள்ளக் கூடாது, நீங்கள் கேட்கிற கோப்பே தப்போ என்று எனக்குச் சந்தேகம். ஆசியான் ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் கச்சா பாமாயில் வரியை 80 சதவீதத்திலிருந்து 37.5-க்கும், சுத்திகரித்ததை 90-லிருந்து 45-க்கும் படிப்படியாக 2019-க்குள் இறக்குவதாக ஒத்துக்கொண்டோம். அதாவது 37.5 வரை வரி போட்டுக்கொள்ள ஒப்பந்தமே இடம் தருகிறது. நடப்பது என்ன? கச்சா சமையல் எண்ணெய்க்கு அடிப்படை வரி 2024 செப்டம்பர் வரை பூஜ்யம். அந்த மாதம் 20 ஆக்கினார்கள். 2025 மே 30-ல் மறுபடி 10 ஆகக் குறைத்தார்கள். செஸ் என்கிற கூடுதல் வரியெல்லாம் சேர்த்து 16.5 சதவீதம் வருகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஆசியான் நாடுகள் யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, நம் நிதியமைச்சகம் போட்ட சுங்க அறிவிக்கைதான் காரணம். அறிவிக்கை அரசிதழில் வருகிறது, யாரும் படிக்கலாம். அதற்குப் பின்னால் இருக்கிற கோப்பு, அதாவது எண்ணெய் ஆலைக்காரர்கள் என்ன கேட்டார்கள், விவசாயத் துறை என்ன சொன்னது என்பது, உங்கள் காய் விலைக்கு ஆசியான் கோப்பைவிட நெருக்கமானது. வெளிநாட்டு உறவு என்ற சாக்கும் அங்கே அவ்வளவாக ஒட்டாது. அதைக் கேளுங்கள்.

கேள்வி: சீட்டை எதிராளிக்குக் காட்டிவிட்டு ரம்மி ஆட முடியுமா? பேச்சுவார்த்தை என்றால் ரகசியம் இருக்கத்தானே செய்யும்? உங்களைப் போன்றவர்கள் எல்லாவற்றையும் திறந்து காட்டு என்றால் நாட்டுக்குத்தான் நஷ்டம்.
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், நாகர்கோவில்

முடியாது சார், ஒத்துக்கொள்கிறேன். 'கார் வரியை 40 வரை இறக்கத் தயார், அதற்குக் கீழே மாட்டோம்' என்று நம் அதிகாரிகள் தங்களுக்குள் எழுதி வைத்திருக்கிற குறிப்பை இன்றைக்கே வெளியிடு என்று நான் கேட்டால் என்னைக் கட்டி வைத்து உதைக்கலாம். அது கையில் இருக்கிற சீட்டு.

ஆனால் ரம்மியில் கையில் வைத்திருக்கிற சீட்டு மட்டுமா இருக்கிறது? நடுவில் இறக்கிய சீட்டு என்று ஒன்று உண்டே. எதிர்த்தரப்பிடம் நாம் கொடுத்துவிட்ட வரைவு, அவர்கள் நமக்குக் கொடுத்த வரைவு, இதெல்லாம் எதிராளி ஏற்கெனவே பார்த்துவிட்ட சீட்டு. அதை யாரிடமிருந்து மறைக்கிறோம்? ஜப்பான்காரர் படித்துவிட்டார், ஆஸ்திரேலியாக்காரர் படித்துவிட்டார், பொள்ளாச்சிக்காரர் மட்டும் படிக்கக் கூடாது. இதற்கு 'பேரம் கெட்டுவிடும்' என்ற காரணம் எப்படிப் பொருந்தும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கையைப் பார்க்க நாலு பேருக்கு மட்டும் அனுமதி இருந்தால் என்ன சொல்வீர்கள்? அமெரிக்காவில் 1974-ஆம் வருட வர்த்தகச் சட்டமே ஆலோசனைக் குழுக்கள் வைத்து, அவற்றில் உட்காரும் கம்பெனிக்காரர்கள் பேச்சுவார்த்தை வாசகங்களைப் பார்க்க வழி செய்திருக்கிறது. ஐரோப்பாவில் நடந்தது இன்னும் சுவாரசியம், நம் சங்கதியும்கூட. இந்தியாவோடு 2007-ல் தொடங்கிய பேச்சுவார்த்தை பற்றி ஐரோப்பிய ஆணையம் தொழில் சங்கங்களுக்கு எழுதிய கடிதங்களையும் கூட்டக் குறிப்புகளையும், பிரஸ்ஸல்ஸில் இருக்கும் கார்ப்பரேட் யூரோப் அப்சர்வேட்டரி என்ற கண்காணிப்பு அமைப்பு கேட்டது. அதே காகிதங்களைத் தொழில் சங்கங்களுக்கு முழுசாகக் கொடுத்த ஆணையம், இவர்களுக்குப் பகுதி பகுதியாக மறைத்துக் கொடுத்தது. காரணம்? 'இந்தியாவோடு உறவு கெடும்.' வழக்கு லக்ஸம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது, 2013 ஜூனில் ஆணையத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, 2015-ல் மேல்முறையீடும் தள்ளுபடி. தொழில் சங்கங்களுக்குக் கொடுத்தது பொதுமக்களுக்குக் கொடுத்ததாக ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் ரம்மி உதாரணத்தை இனிமேல் யோசித்துத்தான் சொல்ல வேண்டும், சார்.

கேள்வி: பனியன் யூனிட் வைத்திருக்கிறேன், 40 மெஷின். பிரிட்டன் ஒப்பந்தம் கையெழுத்தான அன்று டிவியில் பார்த்துத்தான் எனக்கே தெரியும். முன்கூட்டியே எதையாவது படித்துத் தயாராகியிருக்க முடியுமா?
– வாசகர், திருப்பூர்

முடிந்திருக்கும். அதுவும் கையெழுத்துக்கு மூன்றரை வருடம் முன்னால். ஆனால் டெல்லியில் இல்லை, லண்டனில்.

2021-ல் இந்தியாவோடு ஒப்பந்தம் போடலாமா என்று பிரிட்டிஷ் அரசு தன் மக்களிடம் பொதுக் கருத்து கேட்டது. 2022 ஜனவரியில் பேச்சுவார்த்தை தொடங்கும்போதே, இந்தியாவிடம் நாங்கள் என்னென்ன கேட்கப் போகிறோம், அதனால் எங்களுக்கு என்ன லாபம் என்று தன் வியூக ஆவணத்தைப் பெயரே அப்படி வைத்து இணையதளத்தில் போட்டுவிட்டது. கருத்துக் கேட்டதில் யார் என்ன சொன்னார்கள் என்ற சுருக்கமும் அதிலேயே இருக்கிறது. அதில் எங்கள் உச்ச வரம்பு இவ்வளவு என்றெல்லாம் எழுதியிருக்க மாட்டார்கள், அவ்வளவு அப்பாவிகள் இல்லை. ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் வாதத்தின் சுருக்கத்தை நம் கையில் கொடுத்த மாதிரிதான். 2025 ஜூலை 24-ல் கையெழுத்தானதும் ஒப்பந்த வாசகம் இரண்டு பக்கமும் வெளியானது. அவர்கள் தாக்க மதிப்பீடு ஒன்றையும் சேர்த்து வெளியிட்டார்கள், நீண்டகாலத்தில் வருடத்துக்கு 480 கோடி பவுண்டு தங்கள் பொருளாதாரத்தில் கூடும் என்று. இந்தியாவில் அப்படி ஒரு மதிப்பீட்டை வெளியிட்டே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சரி, இப்போது உங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் முப்பது அத்தியாயம் இருக்கிறதே என்று மலைக்காதீர்கள். பிரிட்டனின் வரி அட்டவணையைத் திறங்கள், இந்தியாவின் அட்டவணையை இல்லை, நிறையப் பேர் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். அதில் 61 என்று ஆரம்பிக்கும் எண்கள் பின்னலாடை, 62 நெய்த துணியில் தைத்தது. டி-ஷர்ட், பனியன் 6109. பிரிட்டனின் பொது வரி அதற்கு 12 சதவீதம், ஆனால் வளரும் நாடுகளுக்கான சலுகையில் நம் சரக்குக்கு 9.6 விழுந்துகொண்டிருந்தது, வங்கதேசத்துக்கு பூஜ்யம். அந்த 9.6-ஐத்தான் பூஜ்யமாக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் 'தோற்ற விதிகள்' என்ற அத்தியாயத்துக்குப் போங்கள். நூலோ துணியோ வெளியிலிருந்து வாங்கித் தைத்தால் அது 'இந்திய' பனியனா இல்லையா என்பது அங்கேதான் இருக்கிறது. வரி பூஜ்யம் என்று சந்தோஷப்பட்டுவிட்டு இந்த அத்தியாயத்தைப் படிக்காமல் விட்டால், பந்திக்குப் போய் இலை இல்லாமல் உட்கார்ந்த கதைதான். உங்கள் சிஏ-விடம் விடாதீர்கள், நீங்களே ஒரு தடவை படியுங்கள். உங்கள் நூல் எங்கிருந்து வருகிறது என்பது அவரைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

ஐரோப்பாவுக்கு அனுப்புபவர்களுக்கும் இதே கதைதான். 2022 ஜூனில் இந்தியாவோடு பேச்சு மறுபடி தொடங்கியதும், தாங்கள் நம்மிடம் வைத்த முன்மொழிவுகளை அத்தியாயம் அத்தியாயமாக ஐரோப்பிய ஆணையம் தன் தளத்தில் ஏற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிறு அறிக்கை வேறு. நம் வீட்டில் என்ன சமையல் என்று எதிர்வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொள்கிற நிலைமை வெட்கக்கேடுதான், ஆனால் தெரியாமலே இருப்பதற்கு அது மேல்.

கேள்வி: இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டாமா?
– சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி

வேண்டாம். அரசியலமைப்பின் 73-வது பிரிவுப்படி மத்திய அமைச்சரவையே பேசி, கையெழுத்துப் போட்டு, உறுதியும் செய்துவிடலாம். அதை நிறைவேற்றச் சட்டத்தில் மாற்றம் வேண்டுமென்றால்தான் 253-வது பிரிவின்படி நாடாளுமன்றம் வரும். விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, வெளிநாட்டு ஒப்பந்தம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. அதனால் தேயிலைக்கும் மிளகுக்கும் என்ன ஆகும் என்று மாநிலத்தைக் கேட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரிட்டனில் 2010-ஆம் வருடச் சட்டப்படி ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தில் 21 அமர்வு நாட்கள் வைக்க வேண்டும். அமெரிக்காவில் 2015 சட்டப்படி, அதிபர் கையெழுத்துப் போடுவதற்கு 60 நாள் முன்பே வாசகம் மக்கள் பார்வைக்கு வந்தாக வேண்டும் என்று வைத்திருந்தார்கள்.

நம்மிடம் இருப்பது இரண்டு சின்னச் சந்து. ஒன்று, எம்.பி.க்கள் எழுத்துமூலம் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். நாடாளுமன்றத் தளத்தில் தேடினால் வருடக்கணக்கில் கிடைக்கும். பல சமயம் ஆர்டிஐ-யில் மறுத்தது அங்கே அட்டவணையாகவே கிடக்கிறது. இன்னொன்று, வர்த்தகத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கைகள். சீனச் சரக்கால் இந்தியத் தொழில்களுக்கு என்ன ஆனது என்று 2018-ல் வந்த 145-வது அறிக்கையை எடுத்துப் பாருங்கள், பொம்மையிலிருந்து சூரியத் தகடு வரை பேசுகிறது. பரீட்சைக்கு வராது, ஆனாலும் படியுங்கள்.

கேள்வி: ஆசியான் ஒப்பந்தத்தின்போது கேரளாவில் மனிதச் சங்கிலியே நடத்தினார்கள். நாங்கள் தூங்கிவிட்டோமா?
– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

தேதியைப் பாருங்கள். கையெழுத்து ஆகஸ்ட் 13. காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை சங்கிலி நின்றது அதே 2009-ன் அக்டோபர் 2. கேரளத்துக்காரர்களும் பந்தி முடிந்த பிறகுதான் போனார்கள். அவர்கள் சத்தம் போட்டார்கள், நாம் போடவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். அந்த ஒப்பந்தத்தில் பாமாயில், காப்பி, கருந்தேயிலை, மிளகு நான்கையும் 'சிறப்புப் பொருட்கள்' என்று தனியாக வைத்தார்கள். தேயிலைக்கு வரி 100-லிருந்து 45-க்கு, காப்பிக்கும் அப்படியே, மிளகுக்கு 70-லிருந்து 50-க்கு. இப்போது எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் 46/2011 என்ற எண்ணுள்ள சுங்க அறிவிக்கையைத் தேடுங்கள், அதற்கு வந்த திருத்தங்களோடு சேர்த்து. பச்சைத் தேயிலை விலை இறங்கும்போதெல்லாம் 'வெளிநாட்டுத் தேயிலை வந்துவிட்டது' என்று ஃபேக்டரிக்காரர் சொன்னால், எந்த நாட்டிலிருந்து, எந்த மாதம், எத்தனை கிலோ என்று வர்த்தக அமைச்சகத்தின் இறக்குமதிப் புள்ளிவிவரத் தளத்தில் நீங்களே பார்க்கலாம். மனு வேண்டாம், அதற்கான பத்து ரூபாய்க் கட்டணமும் வேண்டாம். சில மாதம் அவர் சொன்னது சரியாக இருக்கும், சில மாதம் இருக்காது.

கேள்வி: 'டங்கல் திட்டம்' என்று சுவரெல்லாம் எழுதிய காலத்தில் நான் தஞ்சாவூரில் வாத்தியார். அது என்னவென்று கடைசிவரை யாரும் படித்துச் சொல்லவில்லை. இப்போதாவது பார்க்க முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, உங்கள் கேள்விக்குத் தலைவணங்குகிறேன், முப்பது வருடத்துக்கு மேல் ஞாபகம் வைத்திருக்கிறீர்களே. உலக வர்த்தக அமைப்புக்கு முன்னோடியான காட் அமைப்பின் தலைவர் ஆர்தர் டங்கல், உலக வர்த்தக ஒப்பந்தத்துக்கான அந்த வரைவை வைத்தது 1991 டிசம்பர் 20. 1994 ஏப்ரலில் மராக்கெஷில் கையெழுத்தாகி உலக வர்த்தக அமைப்பு ஆனது. காட் காலத்து ஆவணங்கள் எல்லாவற்றையும் 2006-ல் ரகசியப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வரைவும் கிடைக்கும், கூட்டங்களில் இந்தியப் பிரதிநிதி என்ன பேசினார் என்ற குறிப்புகளும் கிடைக்கும். பேரனிடம் சொல்லுங்கள், தேடிக் கொடுப்பான்.

உலக வர்த்தக அமைப்பு இருக்கிற ஜெனீவாவில் இப்படித் திறந்து கிடக்கிறது, டெல்லியில்? ஆர்டிஐ சட்டத்தில் 8(3) என்று ஒரு பிரிவு, 20 வருடம் தாண்டிய சங்கதிகளுக்கு விலக்குகள் பெரும்பாலும் பொருந்தாது என்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று விலக்குகள் மட்டும் 20 வருடத்துக்குப் பிறகும் உயிரோடு இருக்கும், அதில் ஒன்று நம் பொள்ளாச்சி நண்பரை மடக்கிய அதே 8(1)(ஏ), இன்னொன்று அமைச்சரவைக் காகிதங்களுக்கானது. கதவைத் திறந்துவிட்டுக் கம்பி வலை போட்ட மாதிரி. 25 வருடமானால் நிரந்தர மதிப்புள்ள கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்பது வேறொரு சட்டம். அங்கே என்ன இருக்கிறது என்று 'அபிலேக் படல்' என்ற அவர்கள் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

நீங்கள் தஞ்சாவூர் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நெல்லுக்கு அரசு கொடுக்கும் ஆதரவு விலைக் கணக்கை இந்தியா ஜெனீவாவுக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும், அந்தக் காகிதம் பொதுவில் இருக்கிறது. 2018-19 பயிராண்டுக்கு இந்தியா கொடுத்த கணக்கில், நாட்டின் நெல் உற்பத்தி மதிப்பு 4,367 கோடி டாலர், கொடுத்த ஆதரவு 500 கோடி டாலர். வரம்பு உற்பத்தி மதிப்பில் பத்து சதவீதம். கூட்டிக் கழித்துப் பாருங்கள், தாண்டிவிட்டது. தாண்டிவிட்டோம் என்று 2020-ல் நாமே எழுதிக் கொடுத்து, வரம்பைத் தாண்டினாலும் மற்ற நாடுகள் வழக்குப் போடாமல் இருக்க, பாலி மாநாட்டில் 2013-ல் வாங்கிய 'சமாதானப் பிரிவு' என்ற பாதுகாப்பை முதல்முறையாகப் பயன்படுத்தினோம். தஞ்சாவூர்க் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, டெக்சாஸ் அரிசிக்காரருக்குத் தெரியும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் 'கசிந்த ஒப்பந்தம்' என்று பிடிஎஃப் வருகிறதே, நம்பலாமா?
– வாசகர், வேலூர்

யார் வெளியிட்டார், எந்தத் தேதி நிலவரம் என்று தெரியாவிட்டால் அழித்துவிடுங்கள். நிஜக் கசிவுகளும் உண்டு. அமெரிக்காவும் ஐரோப்பாவும் டிடிஐபி என்ற ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தபோது, ஜெர்மனி எம்.பி.க்கள் அதைப் படிக்க 2016 பிப்ரவரியில் பெர்லினில் பொருளாதார அமைச்சகத்துக்குள் ஓர் அறை திறந்தார்கள். போனை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். இரண்டு மணி நேரம்தான். கையால் குறிப்பு எடுக்கலாம், வரியை அப்படியே நகல் எடுக்கக் கூடாது. கூடவே காவலர் ஒருவர். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.பி., பரீட்சை ஹாலில் பிட்டு வைத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்து படித்திருக்கிறார். அதே வருடம் மே 2-ல் நெதர்லாந்து கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 248 பக்கங்களை, எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாதபடி மறுபடி தட்டச்சு செய்து வெளியிட்டு, பெர்லினிலேயே கண்ணாடியில் ஒரு வாசிப்பறை கட்டி, வருகிறவர் போகிறவர் எல்லாரையும் படிக்கவிட்டது. ஆனால் கசிந்தது ஒரு நாள் நிலவரம்தான், அடுத்த சுற்றில் மாறியிருக்கும். அந்த ஒப்பந்தம் கடைசியில் கையெழுத்தாகவே இல்லை.

கேள்வி: இந்தியாவோட கதைக்கிற எட்கா உடன்படிக்கையில் சின்ன வெங்காயத்துக்கு என்ன முடிவு என்று அறிய நாங்கள் இங்கே விண்ணப்பம் போடலாமோ?
– தோட்டக்காரர், சுன்னாகம், இலங்கை

தாராளமாகப் போடலாம், தமிழிலேயே. உங்கள் நாட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதாவது 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம், 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்லை, தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். இதிலெல்லாம் எங்களுடையதைவிட மேல்.

ஆனால் எங்கள் சட்டத்தில் பூடகமாக இருப்பது உங்கள் சட்டத்தில் பெயர் சொல்லியே இருக்கிறது. 5(1)(சி)-யில், உரிய காலத்துக்கு முன்பே வெளியிட்டால் பொருளாதாரத்துக்குப் பாரதூரமான கேடு வரும் என்கிற முடிவுகளின் பட்டியலில், நாணய மாற்று, வரி ஆகியவற்றோடு வெளிநாட்டு வர்த்தக உடன்படிக்கை செய்துகொள்வதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 'உரிய காலத்துக்கு முன்பே' என்ற சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். எட்கா பேச்சு 2016-ல் தொடங்கி, 2018-ல் நின்று, 2023-ல் மறுபடி தொடங்கியது. வெங்காயம் பற்றி உங்கள் அரசின் கடைசி நிலை என்ன என்று கேட்டால் இந்தப் பிரிவைக் காட்டுவார்கள். பழைய சுற்றுகளில் விவசாயத் திணைக்களம் கொடுத்த கருத்து, விவசாயிகளோடு கூட்டம் நடந்ததா, நடந்தால் எங்கே, யாரோடு என்று கேட்டால் அதில் 'முன்பே' என்பது எங்கே வருகிறது? மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழு. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கத்தான் வேண்டும் என்று 5(4) இருக்கிறது, அதையும் எழுதுங்கள். அதற்கு முன், 1998-ல் கையெழுத்தாகி 2000-ல் நடைமுறைக்கு வந்த பழைய இந்திய-இலங்கை உடன்படிக்கையில், சலுகை கொடுக்கமாட்டோம் என்று இரு நாடும் ஒதுக்கிய பொருட்களின் எதிர்மறைப் பட்டியலைப் பாருங்கள். புதிய பேச்சில் எது இழுபறி என்பதை ஊகிக்க அதுதான் அரிச்சுவடி.

கேள்வி: சும்மா விஷயத்துக்கு வாருங்கள். டெல்லிக்கு மனுவைத் தமிழில் எழுதலாமா, பத்து ரூபாயை எப்படிக் கட்டுவது?
– வாசகி, விழுப்புரம்

எழுதலாம் அம்மா. ஆங்கிலம், இந்தி, அல்லது மனு போடும் இடத்தின் ஆட்சிமொழி என்று 6(1) சொல்கிறது. ஆனால் இந்த விஷயத்துக்கு மட்டும், தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்து ஆங்கிலத்திலும் ஒரு நகல் வைத்தால் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கும் நாட்கள் மிச்சம். ஆன்லைன் தளம் இருக்கிறது, 3,000 எழுத்துக்குள் எழுத வேண்டும், ஏடிஎம் கார்டிலேயே கட்டலாம். தபாலில் என்றால் பத்து ரூபாய்க்கு போஸ்டல் ஆர்டர், அந்த அலுவலகத்தின் அக்கவுன்ட்ஸ் ஆபீசர் பெயரில். தேர்ந்தெடுத்த சில தபால் நிலையங்களிலேயே மனுவை வாங்கி டெல்லிக்கு அனுப்பிவிடுவார்கள், அப்படிக் கொடுத்தால் 30 நாளோடு ஐந்து நாள் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். நம் மாநில அரசு அலுவலகங்களுக்கு அது செல்லும், மத்திய அரசுக்குச் செல்லாது. எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், சில வருடம் முன்னால் டெல்லியில் ஓர் அலுவலகத்துக்கு, நாலு நாள் உட்கார்ந்து எழுதி, நான்கு பக்க மனு, கடைசியில் அழகாக ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். 28-வது நாள் கனமான உறை வந்தது. ஆகா, ஆவணம் வந்துவிட்டது என்று பிரித்தால், என் மனுவேதான், 'கட்டணம் முறையாகச் செலுத்தப்படவில்லை' என்ற துண்டுச் சீட்டோடு. ஸ்டாம்பைக் கிழியாமல் பிய்த்தெடுக்க ஆவி பிடித்துப் பார்த்தேன், வரவில்லை.